கிணற்றுக்குள் ஒரு மூட்டை யூரியா

நேயர்களுக்கு வணக்கம். இந்தக் காலை நேரத்தில் உங்களில் சிலர் தோட்டத்தில் இறைப்புக்கு நிற்பீர்கள், சிலர் அடுப்படியில் நிற்பீர்கள். இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே கதைதான் இருக்கிறது.

அண்மையில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மூன்று மாதக் குழந்தை. பால்மா கரைக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. “பத்து நிமிசம் கொதிக்க விட்டுத்தான் குடுக்கிறனான் ஐயா, பயமில்லை” என்றார் தாய். நல்ல பழக்கம்தான், கிருமி செத்துவிடும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டம். தோட்டத்துப் பசளையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கியிருக்கக்கூடிய நைத்திரேற்று என்ற உப்பு கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சுவதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஓடும், வேறு ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக் கல். மழை அதனூடாக இறங்கி, கடல் நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். குடாநாட்டின் கதையே அதுதான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே வரும். தோட்டத்தில் போட்ட பசளையில் பயிர் எடுக்காத பங்கு, ஐப்பசி, கார்த்திகை மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்கும். இடையில் அதைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒரு மனிதனால் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து நல்ல விலை கிடைத்தபோது, ஒரே தோட்டத்தில் வருடம் முழுக்கப் பயிர். எருவுக்காக மாட்டுப் பட்டி அடைத்தது, பூவரசங் குழையை மண்ணில் தாழ்த்தது எல்லாம் குறைந்து, யூரியா கூடியது. முன்னோர் செய்ததெல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டெருவிலும் நைத்திரேற்று உண்டு, கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழியிலும் உண்டு. ஆனாலும் தோட்டப் பகுதிக் கிணறுகளில் பல, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்றதும் ஊரே கிளம்பியது. எண்ணெய் மிதக்கும், மணக்கும். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாமல் தடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. பால்மாதான் வழியென்றால், சோதித்த தண்ணீரில் கரையுங்கள். சாதாரண மண் வடிகட்டி இதைப் பிடிக்காது. மெல்லிய சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்ஓ (RO) வடிகட்டி பெரும்பகுதியைப் பிடிக்கும்.

இப்போது தோட்டத்தில் நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் கிணற்றில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறதென்று வையுங்கள். 10 இலட்சம் லீற்றர் இறைத்தால் 100 கிலோ நைத்திரேற்று, அதற்குள் ஏறத்தாழ 23 கிலோ நைதரசன் வயலுக்கு வருகிறது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் அதே 23 கிலோதான். ஒரு ஏக்கருக்கு, அதாவது எங்கள் கணக்கில் 16 பரப்புக்கு, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினாலே 1 இலட்சம் லீற்றர் போய்விடும். பத்து இறைப்பில் ஒரு மூட்டை யூரியா தண்ணீரோடு வந்துவிட்டது. அதன் மேல்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதையும் கொட்டுகிறீர்கள். வெங்காயம் செழித்துத்தான் நிற்கும். பிறகு கட்டித் தூக்கினால் அழுகும்.

நானும் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். “இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்று சொன்ன வாய்தான் இது. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு அளவு சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக ஒரே நாளில் யூரியாவை நிறுத்து என்பதும் சரியல்ல. போர்க்காலத் தடையில் பசளை இல்லாமல் பட்டதையும், 2021 மே மாதம் அரசாங்கம் திடீரென்று இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டதையும் மறக்க முடியுமா? இரண்டும் விவசாயியைக் கேட்டுச் செய்தவை அல்ல. குறைப்பதைப் படிப்படியாகச் செய்யலாம். மொத்தமாகப் போடுவதைப் பிரித்துப் போடுங்கள். மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது போடாதீர்கள். குழை தாழ்ப்பதைத் திரும்பத் தொடங்குங்கள்.

மருந்தடிப்பதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம். இப்போதைக்கு, போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் கழியும் முன் கத்தரியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். மருந்துத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: கொஞ்ச நேரம் இறைத்துவிட்டு, அதே தண்ணீரால் நன்றாக அலசிய சுத்தமான போத்தலில் எடுங்கள். பழைய மருந்துப் போத்தல் வேண்டாம். எடுத்த அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மாரி முடிந்த கையோடு ஒரு தரம், ஆடி, ஆவணியில் இன்னொரு தரம். நன்றி, வணக்கம்.