ஒரு விரக்கடை

மதுரை வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. திருமங்கலம் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிற அம்மா. என் மகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஸ்கோலியோசிஸ் என்பார்கள்.

முதலில் அதைக் கண்டுபிடித்தது நானில்லை, புதுமண்டபத்துத் தையற்காரர். சடங்குச் சேலைக்கு ரவிக்கை தைக்க அளவு எடுத்தவர், டேப்பைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, பாப்பாவுக்கு வலது தோள் ஒரு விரக்கடை தூக்கலா இருக்கே” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை தானாகக் குளிக்க ஆரம்பித்த பிறகு அதன் முதுகை யார் பார்க்கிறோம்? ஆனால் 10 வயதுக்கு மேல், உயரம் மடமடவென்று கூடுகிற அந்தச் சமயத்தில்தான் இந்த வளைவும் வேகமாகக் கூடும்.

நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் போனது. இரண்டாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர், கும்பிடுவதுபோல் கையைச் சேர்த்துக் குனியச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தார். வலது பக்க விலா மட்டும் மேடாக எழும்பி நின்றது. எக்ஸ்ரேயில் வளைவு 28 டிகிரி. 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வார்களாம். 50 டிகிரியை நெருங்கினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

“இடுப்பில் குடம் தூக்க வைத்தேனே, அதனாலா சார்?” இதைத்தான் நான் முதலில் கேட்டேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் பிடித்து வருவது அவள் வேலை. குடத்தாலும் வராது, புத்தகப் பையாலும் வராது, கோணி உட்காருவதாலும் வராது, பெரும்பாலும் காரணமே தெரியாது என்றார். அன்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகை, பாரம் இறங்கின அழுகை.

ஆனால் வீடு சும்மா இருக்குமா? மாமியார் எண்ணெய் தடவி உருவிவிடச் சொன்னார். வெளியே சொல்லாதே, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்றார்கள். என் வீட்டுக்காரர் பேச்சையே குறைத்துவிட்டார். நானோ நாளைக்கு நூறு தரம், “நிமிந்து உக்காரு” என்பேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “அம்மா, நான் நிமிந்துதாம்மா உக்காந்திருக்கேன். எனக்கு இதுதாம்மா நிமிர்றது.” அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் பிள்ளை இருந்தால், தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.

பெல்ட் போடச் சொன்னார்கள். பெல்ட் என்றால் துணி இல்லை. அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற கெட்டி பிளாஸ்டிக். ஒரு நாளைக்கு 18 மணி நேரம். நம்ம ஊர் கத்திரி வெயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே பருத்தி பனியன், அது நனைந்தால் இன்னொன்று, இடுப்பில் சிவந்த தடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதுகில் தட்டி ‘டொக் டொக்’ என்று கதவு தட்டுகிற விளையாட்டு. ஒருநாள் அதைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள்.

நான் சத்தம் போட்டேன். டாக்டர் போடவில்லை. அவளையே உட்கார வைத்துப் பேசினார். 2013-இல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வைச் சொன்னார். பெல்ட் போட்டவர்களில் 100-க்கு 72 பேர், போடாதவர்களில் 48 பேர், வளரும் வயது முடியும்வரை 50 டிகிரியைத் தொடவில்லை. எத்தனை மணி நேரம் போடுகிறார்களோ அத்தனை பலன். கேட்டுவிட்டு அவளே எந்தெந்த நேரம் கழற்றுவது என்று காலண்டரில் எழுதி வைத்தாள்.

இதற்கு நடுவில் சின்னவனை மறந்துவிட்டோம். மூன்றாம் வகுப்பு. ஒருநாள், “எனக்கும் முதுகு வலிக்குது, என்னையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போ” என்றான். வலி எங்கே என்று கேட்டேன். வயிற்றைக் காட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் கூட்டிப் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டரை வருஷத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது 31 டிகிரி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அதே தையற்காரரிடம்தான் போகிறோம். போன பொங்கலுக்கு அவர் டேப்பை எடுக்கும் முன்னாலேயே அவளே சொன்னாள்: “அண்ணே, வலது தோள்ல ஒரு விரக்கடை கூட விட்டுத் தைங்க.”