சுருள் ஓட்டுக்குப் பெயர் வைக்கும் முன்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், மெந்தகாப், தெமர்லோ பக்கம் மேட்டை வெட்டிச் சாலை போட்ட இடங்களில், ஏடு ஏடாக உரியும் களிப்பாறையைப் பார்த்திருப்பீர்கள். நிலவியலில் அதைச் செமந்தான் பாறையடுக்கு என்கிறோம். டிரையாசிக் காலத்துக் கடலடிச் சேறு அது. வயது 20 கோடி ஆண்டுக்கு மேல். அந்த ஏடுகளுக்கிடையே எப்போதாவது கடாக்கொம்பு மாதிரி சுருண்ட ஓர் அச்சு தென்படும். சிப்புட், அதாவது நத்தை, என்று வீசிவிடாதீர்கள். நத்தை ஓடு உள்ளே ஒரே குழாய். இதிலோ குறுக்குத் தடுப்புகள் இருக்கும், அவற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் ஓடும். கணவாய்க்கு உறவான, அழிந்துபோன அம்மோனாய்டு என்ற கடல் விலங்கின் ஓடு இது. நம் பூசையறைச் சாளக்கிராமத்தில் சுருள் தெரிந்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இது புதிய இனமா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கல்லை எடுத்த இடம், எந்த ஏட்டிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேல் என்பதை அங்கேயே எழுதிவிட வேண்டும். சரிந்து கிடந்த கல்லென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுக்கு தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக் கல்தான்.

நம் ஊர் மழையில் ஓடு கரைந்துபோய், பாறையில் வெறும் பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கும். ஓட்டின் வெளிப்புற வரிகள் அந்தப் பள்ளத்தில்தான் தலைகீழாகப் பதிந்திருக்கின்றன. அவற்றை மீட்க உலகெங்கும் பயன்படுவது ரப்பர் பால். தோட்டத்து ஆட்களுக்கு இதன் குணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து அப்படியே ஊற்றக் கூடாது. அதில் தண்ணீர் அதிகம். காயும்போது நிறையச் சுருங்கும், சில மணி நேரத்தில் கெட்டும்போகும். அம்மோனியா கலந்து, 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டிய பால் வேண்டும். அதில் சில துளி கறுப்பு மை விடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

கல் பொடிப்பொடியாக உதிர்ந்தால், முதலில் பாராலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 விழுக்காடு அளவுக்குக் கரைத்துத் தடவி, ஒருநாள் காயவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் ரப்பரை உரிக்கும்போது பாறையின் தோலும் சேர்ந்து வந்துவிடும். முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். மென்மையான தூரிகையால் ஒவ்வொரு வரிக்குள்ளும் ஓட்டி, குமிழிகளை ஊதி உடையுங்கள். ஒரு குமிழி தங்கினால் அச்சில் ஒரு மொட்டு முளைக்கும். அந்த இனத்துக்கே முள் உண்டு என்று யாராவது எழுதிவைப்பார்கள்! தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி, உள்ளே பால் ஈரமாகவே கிடக்கும். காயக் காய நான்கைந்து பூச்சு, நடுவில் ஒரு மெல்லிய வலைத்துணி. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க முகப் பவுடர் தூவலாம். சீக்கிரம் உறையட்டும் என்று ஆசிட்டு விடாதீர்கள். பால் கட்டிப்பாலாகத் திரண்டுவிடும். கல் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அதையும் அரிக்கும்.

ரப்பர் அச்சு சுருங்கும். ஆகவே அளவுகளைப் பாறையில்தான் எடுக்க வேண்டும். மொத்த விட்டம், சுற்றின் உயரம், சுற்றின் தடிப்பு, நடுவிலுள்ள தொப்புளின் அகலம் ஆகிய நான்கும் மில்லிமீட்டரில் ஒரு தசமம் வரை. விட்டம் 48, தொப்புள் 14.4 என்றால் விகிதம் 0.30. வளர வளர இந்த விகிதம் மாறும் என்பதால் ஒரே ஓட்டில் பல விட்டங்களில் அளக்க வேண்டும். களிப்பாறையில் இன்னொரு சிக்கல் உண்டு: ஓடு நசுங்கியிருக்கும். அப்போது தடிப்புக்கு அர்த்தமே இல்லை. ஒரே பலகையில் பல ஓடுகள் இருந்து, எல்லாமே ஒரே திசையில் நீண்டிருந்தால், நீட்டியது மலையின் அழுத்தம், விலங்கல்ல.

அடுத்தது தையல் கோடு. தடுப்புச்சுவர் ஓட்டின் உட்புறத்தைத் தொடும் வரி அது. ஓட்டுக்குள் சேறு நிரம்பி இறுகி, பிறகு ஓடு போய் மிஞ்சிய உள்வார்ப்பில்தான் தெரியும். பின்னோக்கி வளைவது மடல், வாயை நோக்கி எழுவது சேணம். டிரையாசிக் வகைகள் பலவற்றில் மடலில் மட்டும் பல் இருக்கும், சேணம் வழவழப்பு. தெளிவாகத் தெரியட்டும் என்று அதிகம் தேய்த்தால் பற்கள் மறைந்து, வேறு குடும்பம் போலத் தோன்றும்.

பிறகுதான் ஒப்பீடு. போலிப் புதுமை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. குட்டி ஓட்டைத் தனி இனமாக நினைப்பார்கள். கடைசித் தடுப்புகள் நெருங்கியிருந்தால்தான் அது வளர்ந்தது. ஒரே இனத்தில் பெரிய ஓடும் சிறிய ஓடுமாக இரண்டு வடிவம் உண்டு. அவை பெண்ணும் ஆணும் என்று கருதப்படுகின்றன. அவற்றுக்கு இரண்டு பெயர் வைத்த காலமும் இருந்தது. தடித்த ஓட்டில் வரிகள் முரடாகவும், ஒல்லியான ஓட்டில் மெலிந்தும் இருப்பது பல இனங்களில் ஒரே கூட்டத்துக்குள்ளேயே காணப்படும். ஒற்றை மாதிரியை வைத்துப் புது இனம் சொல்வது சூதாட்டம்.

படம் எடுக்க, ஈயம் பற்றவைப்பவர்கள் பயன்படுத்தும் நவச்சாரத்தைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கி, அதன் புகையை அச்சின்மேல் படியவிடுவார்கள். மை கலந்த கறுப்பு ரப்பரில் வெண்பூச்சு படிந்தால் ஒவ்வொரு வரியும் நிழலோடு எழும். வெளிச்சம் மேல் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். மழை நாளில் செய்தால் பூச்சு ஈரம் குடித்துத் திட்டுத்திட்டாகிவிடும்.

எல்லாம் தாண்டி உண்மையிலேயே புதிதென்றால், 2000 முதல் நடப்பில் உள்ள விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான ஒற்றை மாதிரி, என்று குறிப்பிட்டு, அது எந்தச் சேகரத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். அந்த ஹோலோடைப் பாறைதான், ரப்பர் அச்சு அல்ல. வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டால் அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை. நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர் உங்கள் விருப்பம். 1846-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் புதுச்சேரிச் சுருள்களுக்கு இந்திரா, பிரம்மா, சூர்யா என்றெல்லாம் சூட்டினார். அவர் அம்மோனைட்டிஸ் என்ற பேரினத்தில் வைத்த இந்திரா இன்று சூடோஃபில்லைட்டிஸ் பேரினத்தில் இருக்கிறது. இனப்பெயருக்குப் பின்னால் பெயரிட்டவர் பெயரையும் எழுதுவார்கள்; பேரினம் மாறியதால்தான் அவர் பெயர் இப்போது அடைப்புக்குறிக்குள் வருகிறது. பகாங்கை நினைத்துப் பெயர் வைத்தால் இலக்கணத்தையும் பாருங்கள். செராஸ் என்று முடியும் பேரினப் பெயர் இலத்தீனில் அஃறிணைப் பால். ஆகவே பகாங்கென்சிஸ் பொருந்தாது, பகாங்கென்சே.