பெயிண்ட் கடைசியில்தான்

(ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம், பிள்ளைகளே. உங்கள் கல்லூரி வாசலில் நிறுத்த ஒரு பழைய போர்விமானம் வரப்போகிறதாம். பெயிண்ட் அடிப்பது எப்படி என்று சொல்லச் சொன்னார்கள். சரி, சொல்கிறேன். ஆனால் பெயிண்ட் டப்பாவைக் கடைசியில்தான் திறப்பேன்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பராமரிப்பவனாக இருந்தவன். மாருத் என்ற போர்விமானத்தை வைத்தே பேசுகிறேன், எனக்கு நெருக்கமான விமானம் அது. ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் (எச்.ஏ.எல்.) உருவானது. 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக வானில் ஏற்றினார். 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் சண்டையிட்டது. மொத்தமே 147 தான் கட்டினார்கள். இன்று ஒன்றுகூடப் பறப்பதில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் ஒன்று நிற்கிறது, போய்ப் பாருங்கள். இருக்கிறதில் ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று செய்ய யாராலும் முடியாது.

முதல் நாள் ஒரே வேலைதான். எஜெக்‌ஷன் சீட், அதாவது ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கைக்குள் வெடிமருந்துக் குப்பிகள் உண்டு. அவற்றை எடுத்தாயிற்று என்று விமானப்படை ஆயுதப் பிரிவு எழுதிக் கொடுக்காமல் காக்பிட்டில் யாரும் ஏறக்கூடாது. போட்டோ எடுக்கக்கூட ஏறக்கூடாது.

அப்புறம் தண்ணீர். மாருத்தின் மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகளுக்கான வாய்கள். காக்பிட்டுக்கு இரண்டு பக்கமும் காற்று உள்ளே போகிற வாய்கள். பின்னால் இரண்டு எஞ்சின்களின் புகைவாய்கள். இத்தனை வழியாகவும் மழை உள்ளே போகும், மைனாவும் போகும். மைனா கொண்டுவரும் குப்பை அடியிலுள்ள வடிகால் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். தகடு அலுமினியக் கலவை, போல்ட் எஃகு. இரண்டும் தொடுகிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகிவிடும், தின்னப்படுவது அலுமினியம். மேலே பெயிண்ட் பளபளக்கும். விரலால் தட்டினால் உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டும். அதனால் துளைகளைத் திறந்து வைத்து, வாய்களுக்கெல்லாம் வலை போடுங்கள். எடையை டயரில் விடாமல் இரும்புத் தாங்கியில் ஏற்றுங்கள். வெயிலில் டயர் ரப்பர் வெடிப்பு விட்டுப்போகும்.

இனி, என் மனசை இன்னும் உறுத்துகிற விஷயம். ஓர் ஊரில் கம்பி கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டை எடுத்து விமானம் முழுக்கப் பூசியிருந்தார்கள். விமானத்தில் வரைகிற விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவில் பச்சை, வெளியே காவி. அங்கே தலைகீழாக இருந்தது. வரிசை எண் போயிருந்தது. ‘இங்கே மிதிக்காதே’, ‘இங்கே தூக்கு’ என்று உடம்பெங்கும் இருந்த சின்ன எழுத்துகள் அத்தனையும் போயிருந்தன. இறக்கையில் எங்கே கால் வைப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் அவை. பல வருஷம் தினமும் காலையில் அவற்றைப் படித்தவன் நான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

ஆகவே சுரண்டுவதற்கு முன்னால் ட்ரேசிங் பேப்பரை ஒட்டி ஒவ்வோர் எழுத்தையும் படியெடுங்கள். எந்த ரிவெட் (தகடுகளை இணைக்கிற ஆணி) வரிசையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அதிலேயே குறியுங்கள். ஓரிடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பழைய பூச்சுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வளையம் வளையமாகத் தெரியும். எந்தக் காலத்து நிறத்தைப் பூசுவது என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

பெயிண்டை ரிமூவர் போட்டே எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தில் இரும்புத் துகள் பதிந்து பிறகு துருப்பிடிக்கும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு. அதன் மேல் பாலியூரித்தேன் பெயிண்ட். நம் ஊர் மதிய வெயிலில் தகடு தொட முடியாமல் கொதிக்கும், பூச்சு பரவுவதற்குள் காய்ந்துவிடும். தார்ப்பாயில் பந்தல் போட்டு, காலைப் பனி உலர்ந்த பிறகு அடியுங்கள். படியெடுத்த எழுத்துகள் கடைசியில், அதே இடத்தில், அதே அளவில்.

வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் நல்ல தண்ணீரில் கழுவி, ஆளுக்கொரு ஈர்க்குச்சி எடுத்துக்கொண்டு விமானத்துக்கு அடியில் படுத்து அந்த வடிகால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள்.