விரலுக்குத் தகுந்த வீக்கம்: டிரம் கோர் இறுதிப் போட்டியை எங்கே நடத்துவது?

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் சங்கத்தின் முன்னாள் தலைவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இந்தப் பள்ளி அரங்கத்தை நமக்குத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் பேண்டு ஆசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாக வாழ்த்துரை வழங்கிய டாக்டர் ஐயா அவர்களே, காலையிலிருந்து சமையலறையை விட்டு நகராத சகோதரிகளே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பேண்டு ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுப் பிள்ளைகள் இத்தனை பேர் கையில் டிரம்பெட்டும் தோளில் டிரம்மும் ஏறியதற்கு அவர்தான் காரணம். அவருக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுத்துவிட்டு நான் விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள், அதற்கும் நன்றி.

இன்று மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, டிரம் கோர் இறுதிப் போட்டியை எந்த மைதானத்தில் நடத்த வேண்டும். இரண்டு, டிக்கெட் விலை. மூன்று, நேரடி ஒளிபரப்பு வந்த பிறகு ஜனங்கள் நேரில் வருவது என்ன ஆனது. மூன்றுக்கும் சேர்த்து எங்கள் அப்பத்தா சொல்லும் ஒரு பழமொழியே போதும்: விரலுக்குத் தகுந்த வீக்கம்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக இரண்டு வார்த்தை. டிரம் கோர் என்றால் பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், கொடி சுழற்றும் கலர் கார்டு. கிளாரினெட், புல்லாங்குழல் கிடையாது. எல்லாம் இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள். கோடை முழுக்க அமெரிக்காவில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள். பள்ளிக்கூட ஜிம் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி, இரவில் நிகழ்ச்சி. ஆகஸ்டில் இறுதிப் போட்டி. நடத்துவது டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ.

முதல் இறுதிப் போட்டி 1972இல் எங்கே நடந்தது தெரியுமா? நியூயார்க்கிலா, சிகாகோவிலா? இல்லை. விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்கிற சின்ன ஊர், அங்கே இருக்கும் பல்கலைக்கழக மைதானம். அதுவரை தேசியப் போட்டிகளை முன்னாள் படைவீரர் சங்கங்கள்தான் நடத்திவந்தன. விதிகளும் அவர்களுடையவை. எங்கள் காரியத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று குழுக்களின் தலைவர்கள் தனியே கிளம்பினார்கள். கையில் பெரிய பணம் இல்லை. பெரிய மைதானத்தைத் தேடாமல் தங்களுக்குத் தோதான மைதானத்தைப் பிடித்தார்கள். அனஹைம் கிங்ஸ்மென் என்கிற குழு ஜெயித்தது. மறு வருடமும் வைட்வாட்டர்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

அப்புறம் போட்டி ஊர் ஊராகப் போனது. இத்தாகா, பிலடெல்பியா, டென்வர், பர்மிங்காம். 1981லும் 82லும் எல்லை தாண்டி கனடாவின் மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். 1983இல் மயாமி. மிசிசிப்பியின் ஜாக்சனுக்குக்கூட 1993இல் போயிருக்கிறது. மேடிசன் நகரம் மட்டும் ஏழு முறை நடத்தியது. 1985, 86, 87 மூன்று வருடம் தொடர்ந்து, பிறகு 1992, 1999, 2002, 2006. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கேம்ப் ராண்டல் மைதானம் அது. ஓர் ஊர் ஏழு முறை கூப்பிட்டதென்றால் அந்த ஊருக்கு இதில் ஆசை இருந்தது என்றுதானே அர்த்தம்?

2009இலிருந்து இண்டியானாபொலிஸ், லூக்காஸ் ஆயில் ஸ்டேடியம். பெருந்தொற்றால் 2020இல் எதுவும் நடக்கவில்லை, 2021இல் போட்டி இல்லாமல் கொண்டாட்டம் மட்டும். மற்றபடி 2025 வரை வருடா வருடம் அங்கேதான்.

அங்கே போனதற்கான காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும், பல்கலைக்கழக அணிகளும் மைதானத்தில் இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் ஒரு வாரம் மைதானம் கிடைப்பதே பெரிய பாடு. நீண்ட கால ஒப்பந்தம் இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. மேலே கூரை இருக்கிறது, மழைக்குப் பயமில்லை. ஹோட்டலிலிருந்து நடந்தே போகலாம். சுற்றிலும் பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள். அத்தனை குழுக்களும் படுக்கவும் பயிற்சி செய்யவும் இடம் வேண்டாமா? டிசிஐயின் தலைமை அலுவலகமே அந்த ஊருக்கு வந்துவிட்டது. இதெல்லாம் உண்மை.

ஆனால் இரண்டு விஷயம் மனதை உறுத்துகிறது. முதலாவது, கூரை. டிரம் கோர் திறந்த வெளிக்குப் பிறந்த கலை. ஸ்னேர் டிரம்காரர்கள் ஒரே அடியாக அடிப்பதற்கு மாதக்கணக்கில் உயிரை விடுகிறார்கள். அந்தச் சத்தம் கூரையிலும் கண்ணாடிச் சுவரிலும் மோதித் திரும்பி வரும்போது, ஒரு அடி ஒன்றரை அடியாகக் காதில் விழுகிறது. இரண்டாவது, இருக்கைகள். குழு வாசிப்பது மைதானத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான். வாத்தியத்தின் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பார்வையாளர் உட்கார முடியும். எதிர்ப் பக்கம் உட்கார்ந்தால் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியம் என்றாலும் நமக்குப் பயன்படுவது பாதிதான். அந்தப் பாதியிலும் நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் இருப்பதுதான் நல்ல இடம். மீதி இடமெல்லாம் சும்மா கிடக்கும். இருபது நாள் தூக்கமில்லாமல் வந்த பிள்ளை தலை நிமிர்ந்தால் எதிரே வெறும் நாற்காலி. விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லையே இது!

உயரம் என்றதும் 2008 ஞாபகம் வருகிறது. தலைவர் அவர்கள் அனுமதித்தால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடமே இண்டியானாபொலிஸில் நடப்பதாகத்தான் இருந்தது. புது ஸ்டேடியம் கட்டி முடியவில்லை. அதனால் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ப்ளூமிங்டனுக்கு, இண்டியானா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். திறந்த மைதானம். எங்கள் குடும்பமும் என் மைத்துனர் குடும்பமும் கிளம்பினோம். டிக்கெட் வாங்கியது மைத்துனர். அவர் சென்னையில் டிசம்பர் கச்சேரி ஒன்று விடமாட்டார். கச்சேரி என்றால் முன்வரிசைதான் மாப்பிள்ளை என்று சொல்லி, புல்தரையை ஒட்டின வரிசையில் எட்டு டிக்கெட் எடுத்துவிட்டார். என் மனைவி ஒரு பெரிய டப்பா நிறையப் புளியோதரை கட்டியிருந்தாள். வாசலில் வெளிச்சாப்பாடு கூடாது என்றார்கள். சரி, விடவா முடியும்? திரும்பக் கார் நிறுத்தும் இடத்துக்கே வந்து டிக்கியைத் திறந்துவைத்து எட்டுப் பேரும் நின்றபடி சாப்பிட்டோம்.

பக்கத்துக் காரில் ஒரு பாட்டி. எழுபது வயது இருக்கும். வெளிறிப்போன ஒரு பழைய டிரம் கோர் ஜாக்கெட், அந்த ஆகஸ்ட் வெயிலிலும் கழற்றவில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள் என் மனைவி. காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது, ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார். அப்புறம், எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டார். மைத்துனர் பெருமையாக டிக்கெட்டைக் காட்டினார். அந்த அம்மா டிக்கெட்டைப் பார்த்தார், எங்கள் குழந்தைகளைப் பார்த்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்களை மேலே, மேலே, மூச்சு வாங்க வாங்கப் படியேற்றி, தன் பழைய குழுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த வரிசைக்கே கூட்டிப்போய்விட்டார். அவருடைய நண்பர்களில் எட்டுப் பேர் எழுந்து எங்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார்கள். அவர்கள் எத்தனையோ முறை பார்த்தவர்கள், இந்தக் குழந்தைகள் முதல் முறை பார்க்கட்டும் என்றார்.

மேலே போனதும்தான் மைத்துனர் வாயடைத்துப்போனார். கீழே இருந்து பார்த்தால் ஓடுகிற கால்கள் மட்டும்தான். மேலே இருந்து பார்த்தால் வட்டம் சதுரமாகிறது, சதுரம் உடைந்து அலையாகிறது. ராக்ஃபோர்டின் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு வந்தது. ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமை வீரனின் கதை. முடிந்தபோது அந்தத் திறந்த மைதானமே எழுந்து நின்றது. எங்கள் எட்டு வயது மகள் நாற்காலி மேல் நின்றாள், பாட்டி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதிப்பெண் வாசித்தார்கள். எதிர்த்து நின்ற ப்ளூ டெவில்ஸ் குழு 98.100. ஃபாண்டம் 98.125. கால் புள்ளிகூட இல்லை, அதிலும் பத்தில் ஒரு பங்கு! மைத்துனர் தனக்கு முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

அன்றைக்கு நாற்காலி மேல் நின்ற பெண்தான் பின்னாளில் ஒரு குழுவில் சேர்ந்து மெல்லோஃபோன் என்கிற பித்தளை வாத்தியம் வாசித்தாள். இப்போது பேண்டு ஆசிரியர் ஐயாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

அவளுக்காக நானும் என் மனைவியும் குழுவின் சமையல் வண்டியில் வேலை பார்த்தோம். பெரிய டிரெய்லருக்குள் அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கும். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை. விடியற்காலையில் முட்டை உடைக்க ஆரம்பித்தால் முழங்கை வரை பிசுக்கு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு காலன் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வரும். பல ஆயிரம் டாலர் கட்டணமும் பெற்றோர் கொடுத்துவிட்டு, இந்த வேலையும் செய்கிறோம். அந்த உரிமையில்தான் கேட்கிறேன், இந்தப் பிள்ளைகளை யார் பார்க்க வருகிறார்கள்?

வருகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெற்றோர், முன்னாள் பிள்ளைகள், பேண்டு ஆசிரியர்கள். ஏற்கெனவே நேசிப்பவர்கள். போட்டி ஒரே ஊரில் வேரூன்றிவிட்டால், வருடா வருடம் விமானம் ஏறி அங்கே வர வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறது. போட்டி பஃபலோவுக்குப் போனபோது பஃபலோ பிள்ளைகள் பார்த்தார்கள், ஆர்லாண்டோவுக்குப் போனபோது ஆர்லாண்டோ பிள்ளைகள் பார்த்தார்கள். பென்சில்வேனியாவில் அல்லென்டவுன் என்று ஓர் ஊர். ஜே. பர்னி க்ரம் ஸ்டேடியம், பள்ளிக்கூட ஆட்டங்கள் நடக்கும் மைதானம், பதினைந்தாயிரம் பேர் கொள்ளும், அவ்வளவுதான். ஆகஸ்டில் இரண்டு இரவு நிகழ்ச்சி நடத்துவார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே வாசித்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், கூட்டத்தின் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது என்பார்கள்.

ஆகவே டிசிஐக்கு நாம் அனுப்பப்போகும் மனுவில் என் கோரிக்கை இதுதான். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் பேச்சு வரும்போது, எல்லா வருடமும் ஒரே ஊருக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது இறுதிப் போட்டி திறந்த மைதானத்துக்கு, ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் போகட்டும். முதலில் மேடிசன் போகட்டும் என்பது என் ஆசை. மழை வந்தால் வரட்டும், மறுநாளை கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு 2007இல் கொண்டுபோனது மாதிரி எல்லோரையும் கண்டம் தாண்ட வைக்கச் சொல்லவில்லை. பெரும்பாலான குழுக்களின் பஸ் போய்ச் சேரக்கூடிய ஊர், நிரம்பக்கூடிய மைதானம். விரலுக்குத் தகுந்த வீக்கம்.

டிக்கெட் விலையைப் பற்றிச் சுருக்கமாக. நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இருக்கும் இடத்தில் ஒரு பகுதியைப் பள்ளி பேண்டு பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும். மூலையில் மிச்சம் கிடக்கும் இடத்தை அல்ல, நல்ல இடத்தை. இதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன். ஒளிபரப்பைப் பற்றியும் பேச வேண்டும், 1970களில் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய நீண்ட கதை அது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், இன்னொரு மேடையில் வைத்துக்கொள்கிறேன்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்திருக்கிறோம். பெயரோடு உங்கள் ஊர், பிள்ளை எந்த வாத்தியம் என்பதையும் எழுதுங்கள், கையெழுத்து மட்டும் போதாது. சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் அவர்கள் எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்டு டிசிஐ அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். பேண்டு ஆசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார். நன்றி, வணக்கம்.