பால்மா டின்னைத் திறக்கும் பூனை

[காட்சி: இருட்டான குசினி. பிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது, அந்த வெளிச்சம் மட்டும்.]

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி, எல்லோரும் படுத்துவிட்டார்கள். 22 வயதுப் பிள்ளை ஒருத்தி லைட்டைப் போடாமல் நின்றபடியே சாப்பிடுகிறாள். மத்தியானம் மிஞ்சிய சோறு, அதற்கு மேல் மிக்சர், அப்புறம் கனடாவிலிருந்து மாமி கொண்டுவந்த சொக்லேட், கடைசியில் பால்மா டின்னுக்குள் கரண்டி. பசியில்லை. ருசியும் தெரியவில்லை. போதும் என்று மனம் சொல்கிறது, கை நிற்கவில்லை. முடிந்ததும் உறைகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வாளியின் அடியில் ஒளிக்கிறாள். காலையில் அம்மா கேட்டால் பூனை மேல் பழி. (பால்மா டின்னைத் திறக்கத் தெரிந்த பூனை!)

கலியாண வீட்டில் மூன்று தரம் பாயாசம் வாங்கிக் குடிப்பது வேறு. இது வேறு. கொஞ்ச நேரத்துக்குள் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் தவிப்பது, பிறகு வெட்கத்தில் குறுகிப்போவது. 1959ல் அமெரிக்க மனநல மருத்துவர் அல்பேர்ட் ஸ்டங்கார்ட் இதை எழுதிவைத்தார். தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது 2013ல்தான். கிழமைக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடந்தால் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள்: பிஞ்ச் ஈட்டிங் கோளாறு.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பெயர்: "வாயைக் கட்டத் தெரியாதவள்."

சரி, அவள் பகலைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்போம்.

[காட்சி: கடிகாரம் பின்னோக்கிச் சுழல்கிறது.]

காலையில் சீனி போடாத தேத்தண்ணி மட்டும். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு. அம்மா கேட்டதற்கு "வெள்ளி விரதம்" என்றாள். விரதத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் விரதம் என்று சொன்னால் வீட்டில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போன கிழமை வட்ஸ்அப் அழைப்பில் பெரியம்மா சிரித்துக்கொண்டே, "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்றார். சம்பந்தம் பேச வெளிநாட்டுக்குப் படம் அனுப்பும் நேரம் வேறு.

ஆக, இரவில் வாயைக் கட்ட முடியாதவள் பகல் முழுக்க வாயைக் கட்டித்தான் இருந்திருக்கிறாள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார். விரும்பி முன்வந்தவர்கள், ஆரோக்கியமானவர்கள். ஆறு மாதம் பாதிச் சாப்பாடு. அவர்களுக்குப் பேச்சும் கனவும் சாப்பாடாகவே போனது. சிலர் சமையல் குறிப்புகள் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு முட்டிய பிறகும் அடங்காமல் தின்றார்கள். அவர்களுக்குக் கலியாணம் பேசவும் இல்லை, உடம்பைப் பற்றி யாரும் நக்கலடிக்கவும் இல்லை. பட்டினி கிடந்த உடம்பு பழி வாங்கியது, அவ்வளவுதான்.

உடம்போடு மனமும் சேர்ந்துகொள்ளும். 1975ல் ஹெர்மன், மாக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், மில்க்‌ஷேக் குடித்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டோடு இருப்பவர்களோ கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "எப்படியும் விரதம் முறிஞ்சு போச்சு, இனி என்ன" என்ற கணக்கு. நாளைக்குப் பட்டினி என்று சத்தியம் செய்துகொண்டு இன்றைக்கு எல்லாவற்றையும் முடிப்பது.

தவிர, சாப்பிடும் அந்த அரை மணி நேரம் மனம் மரத்துப்போகிறது. பெரியம்மாவின் குரலும் கேட்காது, ஏ.எல். பரீட்சை முடிவும் ஞாபகம் வராது. அதற்காகவே கை டின்னைத் தேடுகிறது. ஹெதர்டன், பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 1991ல் இதைத் தன்னிடமிருந்தே தப்பி ஓடுவது என்று விளக்கினார்கள்.

இதற்கான சிகிச்சையில் முதல் வேலை டயட் இல்லை. காலைச் சாப்பாடு! மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பேர்ன் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் சாப்பிடப் பழக்குவார்கள். இடியப்பமும் சொதியும் போதும். முதல் கிழமை அவளுக்குப் பயமாகத்தான் இருக்கும், உடம்பு ஏறிவிடுமோ என்று. இரவில் வரும் அந்த வேகம் குறையத் தொடங்கினால்தான் நம்பிக்கை வரும்.

அம்மாமாருக்கு ஒன்று: பிஸ்கட் டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். பூட்டினால் அவளுக்கு இன்னும் அதே நினைப்புத்தான்.

சாப்பிட்டதை வெளியேற்றப் பார்க்கிறாள் என்றால் அது புலிமியா என்ற இன்னொரு சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். அதில் உடம்புக்கு ஆபத்து கூடுதல், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் தொலைபேசியில் பேசிப் பார்க்க விரும்பினால், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

[காட்சி: காலை. அதே குசினி, யன்னல் திறந்திருக்கிறது. மேசையில் இரண்டு தட்டு.]