கரைசலில் சர்க்கரை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், கொடுக்கச் சொல்கிறோம். அதில் உப்பு எதற்கு என்பது புரிகிறது, இழந்த உப்பை ஈடுகட்ட. சர்க்கரை? தெம்புக்கு என்பார்கள், ருசிக்கு என்பார்கள். உண்மையான காரணம் குடல் செல்லின் சவ்வில் இருக்கிறது.

அந்தச் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. ஆக்சிஜன் அதற்குள் தானாகப் புகுந்துவிடும். மின்னூட்டம் கொண்ட சோடியத்தால் முடியாது, குளுக்கோஸாலும் முடியாது. சவ்வில் பதிந்த புரதங்கள்தான் அவற்றைக் கடத்த வேண்டும். சிறுகுடலில் உள்ள ஒரு புரதம், இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடியாகப் போகின்றன என்று 1960இல் சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கத்துப் புரதம் ஆற்றலைச் செலவழித்து இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. உப்பு போன திசையில் தண்ணீரும் போகும்.

காலரா நச்சு, குடல் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் பாதையைத் திறந்துவிடுகிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் கொட்டுகின்றன. ஆனால் அந்த ஜோடிப் புரதத்தை நச்சு தொடுவதில்லை! அதனால் காலரா வந்தாலும், சர்க்கரையோடு குடித்த உப்பும் தண்ணீரும் உடலுக்குள் போகும். கரைசலைக் குடித்த இவ்வளவு பேர் பிழைத்தது அதனால்தான்.

1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்து குடிக்கக் கொடுத்தார். அவர் பார்த்த நோயாளிகளில் இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதைவிடப் பெரிய மருத்துவ வேலை அந்த நூற்றாண்டில் அதிகம் நடக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் சர்க்கரையைக் கூடுதலாகப் போடலாமா? கூடாது. உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை, செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் வேண்டாம் என்பது இதனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் பரிந்துரைத்த கலவையில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு), சரிக்குச் சரி. எனவே பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் போட்டிருக்கிறதோ அத்தனை ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். குடிக்கவே முடியாமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.