காது கொடுக்காத வீட்டில் வாய் எப்படித் திறக்கும்?

நடுவர் அவர்களே! இந்தப் பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்கியதிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தது வரை எல்லா வேலையும் செய்துவிட்டு, பேச்சு என்றதும் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொண்டிருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளே! அவர்களைப் பெற்றவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

"வளரிளம் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசத் தடையாக இருப்பது கையில் இருக்கும் கைப்பேசியா, காது கொடுக்காத பெரியவர்களா?" என்பது தலைப்பு. பெரியவர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கே அறுபது தாண்டிவிட்டது. ஆகவே இதைக் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்ளாமல் ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கதை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு பையன் "இன்னொரு தோசை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினானாம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. அதற்கு முன் அவன் வாயால் கேட்டானா இல்லையா என்பதைத் தம்பி சொல்லவே இல்லையே? மூன்று முறை "அம்மா" என்று கூப்பிட்டு, மூன்று முறையும் "இருடா" என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போன பிறகு அனுப்பிய செய்தியாகவும் அது இருக்கலாம். குரலுக்கு வராத தோசை செய்திக்கு வந்தது. எது பலிக்கிறதோ அதைத்தானே பிள்ளை பிடித்துக்கொள்ளும்?

நான் 33 ஆண்டுகள் வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். பள்ளி திறந்ததும் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்கப் பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் மீசை அரும்பிய பத்தாம் வகுப்புப் பையன். அவன் தோளுக்குப் பின்னால் அம்மா. "உன் பெயர் என்ன தம்பி?" என்று கேட்பேன். அம்மா சொல்வார். "எந்தப் பள்ளி?" அம்மா சொல்வார். "எத்தனையாவது படிக்கிறாய்?" அதையும் அம்மாதான் சொல்வார். கையெழுத்து ஒன்றைத்தான் அவருக்குப் பதிலாகப் போட வழியில்லை. அதற்கும் குனிந்து "நேராகப் போடு, கோணலாகப் போகிறது" என்பார்.

பத்து வயது நிரம்பிய பிள்ளை விரும்பினால் தன் சேமிப்புக் கணக்கைத் தானே தொடங்கித் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் வழி செய்தது. பத்து வயதுப் பிள்ளை பணத்தை எடுத்துப் போடும் என்று ரிசர்வ் வங்கி நம்பிவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் பெயரைச் சொல்லும் என்று பெற்ற தாய் நம்பவில்லை.

வேலை முடிந்து எழுந்திருக்கும்போது அதே அம்மா என்னிடம் ரகசியமாகச் சொல்வார்: "இவன் யாரிடமும் பேசவே மாட்டான் மேடம். எப்போது பார்த்தாலும் போன்தான்." நடுவர் அவர்களே, அந்த இருபது நிமிடமும் போன் அந்த அம்மாவின் கையில் இருந்தது. ஓடிபி வரும் என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவரிடம் போனாலும் இதே கதைதான். வலி பிள்ளையின் வயிற்றில். விளக்கம் அப்பாவின் வாயில்.

கைப்பேசிதான் காரணம் என்றால், கைப்பேசி வருவதற்கு முன் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்தியாவில் கைப்பேசியில் முதல் அழைப்பு போனது 1995 ஜூலை 31-இல். கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார், தில்லியில் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் கேட்டார். 'உம்மணாமூஞ்சி' என்ற சொல் அதற்குப் பிறகா தமிழுக்கு வந்தது? என் தம்பியை எங்கள் பாட்டி எழுபதுகளிலேயே அப்படித்தான் அழைத்தார். வாயை மூடியிருந்தால் உம்மணாமூஞ்சி. திறந்தால் அதிகப்பிரசங்கி. கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான், காரணம் சொன்னால் வாய்க்கொழுப்பு. பெண்பிள்ளை என்றால் 'வாயாடி' என்று தனியாக ஒரு பட்டம். பேசும் பிள்ளையைத் திட்ட இத்தனை சொல் வைத்திருக்கிறோம். நன்றாகப் பேசும் பிள்ளையை வீட்டுக்குள் பாராட்ட ஒரு சொல் சொல்லுங்கள் பார்க்கலாம். நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், சட்டென்று ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்படிப் பதினெட்டு ஆண்டுகள் வாயை மூட வைத்துவிட்டு, கல்லூரி கடைசி ஆண்டில் வேலைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்றதும் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. 'கம்யூனிகேஷன் போதாது' என்று பணம் கட்டி ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்க்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் தமிழிலேயே "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க வராது. அதை எந்த மொழியில் மாற்றிக் கற்றுக்கொடுப்பார்கள்?

கைப்பேசி பரம சாது என்று நான் வாதாட வரவில்லை. இரவு இரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அவன் யாரோ ஒருவரிடம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறானே, அப்படியானால் அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்றுதானே பொருள்? நம்மிடம் வந்ததும் அது ஏன் ஒரு 'ம்' ஆகச் சுருங்குகிறது?

இந்த 'ம்' இருக்கிறதே, அது நம்முடைய கேள்விக்கு ஏற்ற பதில். "பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறோம். அதற்கு 'ம்' போதும். "இன்று மதியம் யார் டப்பாவில் என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எலுமிச்சைச் சோற்றில் தொடங்கி, யார் யாருடன் சண்டை, எந்த ஆசிரியர் யாரை வெளியே நிறுத்தினார் என்பது வரை வந்து நிற்கும். ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது பற்றி அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் ஆராய்ந்தார். வகுப்பறைகளில் உரையாடலைப் பதிவு செய்து, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த மாணவர், இல்லையென்றால் ஆசிரியரே பதில் சொல்லிவிடுவார். அதை மூன்று வினாடியாக நீட்டச் சொன்னார். பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இது எழுபதுகளில் வெளிவந்த ஆய்வு. வகுப்பில் ஒரு கைப்பேசி கூட இல்லாத காலம். மூன்று வினாடி என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? இதோ, நான் பேச்சை நிறுத்துகிறேன்.

...

பார்த்தீர்களா? அதற்குள் மூன்றாம் வரிசையில் ஒருவர் "மைக் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார். மேடையில் நிற்கும் எனக்கே அந்த அவகாசத்தைக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவீர்களா?

"பள்ளியில் பேச்சுப் போட்டி நடத்துகிறோமே" என்று யாராவது சொல்லலாம். நானும் நடுவராகப் போயிருக்கிறேன். அப்பா எழுதி, அம்மா மனப்பாடம் செய்வித்து, ஆசிரியர் கையை எங்கே உயர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பேச்சு. அந்த மேடையில் முதல் பரிசு வாங்கிய சிறுமி, திரும்பிப் போகும் பஸ்ஸில் நடத்துனரிடம் மீதிச் சில்லறை கேட்கத் தயங்கி ஐந்து ரூபாயை விட்டுவிட்டு இறங்கியதை நான் பார்த்தேன். மேடைப் பேச்சு வேறு, அன்றாடப் பேச்சு வேறு. (மேடையில் நின்றுகொண்டு நானே இதைச் சொல்கிறேன். என் கணவரும் இதைத்தான் சொல்வார்.)

தேர்விலாவது பேச்சுக்கு இடம் உண்டா? நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழுக்கு 100 மதிப்பெண். அத்தனையும் எழுத்துக்கு. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கு 200 மதிப்பெண். அதில் 50 வாய்மொழிக்கு, 20 கேட்டல் கருத்தறிதலுக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்து உரையாட வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லையா என்ன?

கடைக்கு அனுப்புவது நின்றது இன்னொரு கொடுமை. ஒரு காலத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்று, "அக்கா, எங்கள் அட்டையும் சேர்த்து வையுங்கள்" என்று கெஞ்சி, எடைக்காரரிடம் "சர்க்கரை குறைகிறதே" என்று வாதாடி, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் "தயவுசெய்து எங்கள் மாமாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" என்று கேட்டுத்தான் நாம் பேசக் கற்றோம். யாரும் பாடம் நடத்தவில்லை. இன்று காஸ் சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு பையனை அழைக்கச் சொன்னால், "அவனுக்கு டியூஷன்" என்கிறோம். முதல் தடவை அவன் திக்குவான். போனை வைத்த பிறகுதான் கேட்க மறந்தது நினைவுக்கு வரும். அப்படித்தான் எல்லோருக்கும் வந்தது.

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார், சொல்வன்மை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது என்றார். இருக்கிறது ஐயா, 65ஆம் அதிகாரம். ஆனால் கேள்வி, அதாவது கேட்டல், 42ஆம் அதிகாரம். முதலில் காது, 23 அதிகாரம் தள்ளித்தான் வாய். இன்னொன்றையும் பாருங்கள். கேள்வியை அரசனுக்குரிய இயலில் வைத்தார்கள், சொல்வன்மையை அமைச்சருக்குரிய இடத்தில் வைத்தார்கள். பேச வேண்டியவர் அமைச்சர், கேட்க வேண்டியவர் அரசர். வீட்டில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது யார்? ரிமோட் யார் கையில் இருக்கிறது?

மணி அடிக்கப்போகிறார்கள் என்று தெரிகிறது. ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

என் மகன் சிறுவயதில் நன்றாகப் பாடுவான். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் அவன் பாட்டுதான். பதிமூன்று வயது முடிந்த சமயம் குரல் உடைந்தது. அந்த வயதில் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இதெல்லாம் பிறகு படித்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, பாட்டின் நடுவில் குரல் கிறீச்சிட்டது என்பதுதான். அத்தை சிரித்தார். மாமா "தகரத்தை இழுத்த மாதிரி இருக்கிறது" என்றார். நானும் சிரித்தேன் நடுவர் அவர்களே, எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தேன். அவன் பாடுவதை விட்டான். பிறகு பாட்டியிடம் தொலைபேசியில் பேசுவதை விட்டான். பிறகு எங்களிடமும் 'ம்' மட்டும்தான். அவனிடம் அப்போது கைப்பேசி கிடையாது.

மறு ஆண்டு, 2012. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டு நினைவிருக்கும். ஒரு நாள் மாலை இருட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவனும் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினான். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிராமல் சொன்னான்: "வகுப்பில் என்னைத் தவளை என்று கூப்பிடுகிறார்கள்."

"யார் அவன்? நாளைக்கே பள்ளிக்கு வருகிறேன்" என்று நான் கத்தியிருக்க வேண்டும். அதுதான் என் வழக்கம். நல்லவேளையாகக் கீரையில் ஒரு புழு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதைப் பிடிப்பதற்குள் மூன்று வினாடி என்ன, முப்பது வினாடி ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் அவன் பேசத் தொடங்கி, கொத்து முழுவதும் தீரும் வரை பேசினான். ஓராண்டுக் கதை. அதில் என் சிரிப்பும் வந்தது.

எதிரணி இப்போது துள்ளி எழும்: "பார்த்தீர்களா, மின்சாரம் போனதால்தான் பேசினான்! கருவிகள்தான் காரணம்!" உட்காருங்கள் ஐயா. அன்று அணைந்தது என்னுடைய சீரியல்.

அரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்து போனது யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.